அத்தாட்சி யாருடையது?

ரசாயன உரமும் பூச்சி மருந்தும் இன்றி விளைந்த தானியத்துக்குப் பட்டணங்களில் இப்போது கிராக்கி ஏற்பட்டிருக்கின்றது. ‘இது இயற்கை விளைச்சல்’ என்று கடைக்காரர் வாயால் சொன்னால் வாங்குபவர் நம்புவதில்லை. அத்தாட்சி எங்கே என்று கேட்கின்றார். அவர் கேட்பது நியாயமே. ஆகவே குடியானவர்களைக் கூட்டங் கூட்டமாகச் சேர்த்து அவர்களுக்கு அங்ககச் சான்று பெற்றுத்தரும் முயற்சி தேசத்தின் பல பாகங்களிலும் நடைபெற்று வருகின்றது. திருநெல்வேலிச் சீமையிலும், விசேஷமாகக் கங்கைகொண்டான் போன்ற ஊர்களிலும், இம்முயற்சி வேரூன்ற வேண்டுமென்பது நமது விருப்பம். ஆயின் இதில் இறங்குமுன் குடியானவர்களும், அவர்களுக்குத் துணைநிற்க விரும்பும் தொண்டர்களும் ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொள்ள வேண்டும். அத்தாட்சி யாருடையது? அதில் முத்திரையிடும் சர்க்காருடையதா, சரக்கை வாங்கும் வியாபாரியுடையதா, மண்ணில் பாடுபட்டவனுடையதா? இதைத் தீர்மானியாமல் செய்யும் ஏற்பாடு எதுவும் அஸ்திவாரமில்லாத சுவராகவே முடியும்.

திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நகருக்கு வடக்கே, சிற்றாற்றங்கரையில் இருப்பது கங்கைகொண்டான். இராஜேந்திர சோழனுடைய விருதுப் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர். இவ்வட்டாரத்தில் குளத்துப் பாசனத்தில் நெல் விளையும் வயலும் உண்டு. வானம் பார்த்த கரிசலும் உண்டு. குற்றால மலையில் பிறந்து வரும் சிற்றாறு இதைத் தாண்டிச் சென்று சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கின்றது. இன்று இங்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கின்றது. 2013ல் ஏற்பட்ட புள்ளிமான் சரணாலயமும் இருக்கின்றது. ஆலைக்கும் காட்டுக்கும் நடுவே குடியானவர் வயல் இருக்கின்றது.

இத்தகைய இடத்தில் தனி ஒருவர் ‘என் வயல் சுத்தம்’ என்று சாதிப்பது எளிதன்று. மேல்வயலில் தெளித்த மருந்து வாய்க்கால் வழியே கீழ்வயலுக்கு இறங்கும். அடுத்த வரப்பில் அடித்த விஷம் காற்றில் ஏறி வரும். குளத்து நீர் எப்படி ஒருவருடையதன்றோ, அப்படியே அதன் சுத்தமும் ஒருவருடையதன்று. ஆதலால் இப்பிரதேசத்தில் விஷமற்ற விவசாயம் என்பது ஒரு மடையின் கீழுள்ளவர் அனைவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய விரதம். குளத்தைக் கூடி மராமத்துச் செய்து, நீரை முறை வைத்துப் பங்கிட்டு, காரும் பிசானமும் விளைவித்த ஜனங்களுக்கு இது புதிய பாடமன்று.

சட்டமும் இதற்கு இடமளித்திருக்கின்றது. 2001ல் மத்திய சர்க்காரின் வர்த்தக இலாகா தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தைக் கொணர்ந்தது. 2007ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் கோயமுத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு தனியே ஒரு சான்றளிப்பு இலாகாவை ஏற்படுத்தினர். இவ்வழியில் ஒரு குழுவில் 500 பேர் வரை சேரலாம். பருவப் பயிராயின் விதைப்புக்கு முன் 2 வருஷமும், பல்லாண்டுப் பயிராயின் முதல் அறுவடைக்கு முன் 3 வருஷமும் மாறுதற் காலமாகக் கழிய வேண்டும். மற்றொரு வழி, மத்திய விவசாய இலாகாவின் பங்கேற்பு உத்தரவாத முறை. அதில் 5 பேர் கூடினாலே ஒரு குழு. ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டுச் சாட்சி சொல்வர். அச்சான்று உள்நாட்டு விற்பனைக்குப் போதும். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புவோர் முதல் வழியே செல்ல வேண்டும்.

இனி, இவ்வழியில் உள்ள பள்ளங்களைக் காண்போம். நல்ல சரக்கின் பெயரைக் கெட்ட சரக்குக்குச் சூட்டி விற்பது இன்று பிறந்த வழக்கமன்று. ஓரிடத்துப் பருத்தியுடன் வேறிடத்து மட்டமான பருத்தியைக் கலந்து விற்றதனால் பெயர் பெற்ற ரகங்கள் மதிப்பிழந்தன. அதைத் தடுக்கவே 1923ல் பருத்திப் போக்குவரத்துச் சட்டம் பிறந்தது. நூறு வருஷம் கழித்தும் கதை மாறவில்லை. 2020 அக்டோபரில், கோட்ஸ் என்னும் சர்வதேச ஜவுளிச் சான்று ஸ்தாபனத்தார், இந்தியாவிலிருந்து அங்ககப் பருத்தி என்ற பெயரால் போன சுமார் 20,000 டன் சரக்குக்குப் பொய்ச் சான்றுகள் புனையப்பட்டிருந்ததை வெளியிட்டனர். அடுத்த 2021 ஜனவரியில் அமெரிக்கா, நமது சான்றளிப்பு ஸ்தாபனங்களுக்குத் தான் அளித்திருந்த அங்கீகாரத்தை முடித்துக்கொண்டது. பொய் எழுதியவர் சிலர். நஷ்டத்தில் பங்கு கொண்டவரோ நாடு முழுவதிலுமுள்ள குடியானவர்கள். தம் கையால் ஒரு சொட்டு விஷமும் தெளியாதவரும் அதில் அடக்கம்.

இவ்விபரீதம் எப்படி நேர்ந்தது? நமது அபிப்பிராயத்தில் மூலகாரணம் ஒன்று உண்டு. பல இடங்களில் குழு என்பது குடியானவர்களின் சங்கமாக இராமல், சரக்கு வாங்கும் வியாபாரியின் கணக்கில் ஒரு பெயர்ப் பட்டியலாகவே இருந்தது. குறிப்பேட்டை வியாபாரியின் குமாஸ்தா எழுதினார்; சான்றும் வியாபாரியின் பெட்டியில் கிடந்தது. விலை பிடிக்காத குடியானவர் வேறொருவருக்கு விற்க நினைத்தால், அவர் சரக்கு அக்கணமே சாதாரணச் சரக்காகிவிடும். பாடு அவருடையது, பெயர் பிறருடையது. தன் பெயரில் என்ன எழுதப்பட்டிருக்கிறதென்று அறியாதவர் அது பொய்யென்றும் அறியமாட்டார்.

உலகம் இதை உணரத் தலைப்பட்டிருக்கின்றது. 2022 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், சிறு குடியானவர்களின் குழு தானே சட்டப்படி அமைந்த ஸ்தாபனமாக இருக்க வேண்டுமென விதிக்கின்றது. 2025 ஜனவரியில் வெளியான நமது தேசியத் திட்டத்தின் எட்டாம் பதிப்பும் குழுவுக்கே சட்ட அந்தஸ்து அளித்தது. கதவு திறந்திருக்கின்றது, நுழைபவர் குடியானவரா, குடியானவர் வேஷம் பூண்ட பிறரா என்பதே கேள்வி. 1906ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது அவர் கண்ட உண்மை யாது? சரக்கு நம்முடையதாயினும் கப்பல் பிறருடையதாயிருக்கும் வரையில் லாபம் நம்முடையதாகாது என்பதே. இன்று சான்றுக்கும் அந்நியாயம் பொருந்தும்.

ஆகவே கங்கைகொண்டான் வட்டாரத்துக் குடியானவர்கள் முதலில் செய்ய வேண்டியது, சங்கமாகவோ உற்பத்தியாளர் கம்பெனியாகவோ தாமே பதிவு செய்துகொண்டு, விண்ணப்பத்தைத் தம் பெயரால் போடுவதாகும். வியாபாரியோடு ஒப்பந்தம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சான்று கையில் வந்த பின், சமமானவர்களாக நின்று ஒப்பந்தம் பேசட்டும் என்கின்றோம்.

இரண்டாவது, வரைபடம். ஒவ்வொரு வயலுக்கும் நான்கெல்லை, அண்டை வயலில் நடப்பது என்ன, நீர் எங்கிருந்து வருகிறது, தொழிற்பேட்டையும் சாலையும் எவ்வளவு தூரம், இடைவெளியாக விட வேண்டிய வரப்பு எது என்று மறைக்காமல் குறிக்க வேண்டும். சேர்க்கத் தகாத வயலைத் துணிந்து விட்டுவிடுவதே மற்ற வயல்களைக் காப்பாற்றும் வழி. கரிசலில் பருத்தி போடுபவர் விதையையும் கவனிக்க வேண்டும். 2002ல் பிடி பருத்தி அனுமதிக்கப்பட்ட பின் கடை விதை பெரும்பாலும் மரபணு மாற்றப்பட்டதே. அங்கக விதியில் அதற்கு இடமில்லை. கருங்கண்ணி முதலிய நாட்டு ரகங்களை நாட வேண்டும்.

மூன்றாவது, தினக்குறிப்பு. வக்கீல் தொழிலில் பழகிய நாம் இதைப்பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 34-வது பிரிவு, தொழிலில் ஒழுங்காக எழுதப்பட்டு வரும் கணக்கைச் சாட்சியமாக ஏற்றது. அக்கணக்கு ஒன்றை மட்டும் கொண்டு ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்தலாகாது என்றும் கூறிற்று. 2024 ஜூலை முதல் அதனிடத்துக்கு வந்த புதுச் சட்டமும் இந்நியாயத்தைக் கைவிடவில்லை. அன்றன்று எழுதிய கோணல் எழுத்துக்கு மதிப்புண்டு; பரிசோதகர் வருவதற்கு முந்திய இரவில் ஒரே மையில், ஒரே கையால், நூறு பேருக்கு எழுதிய அழகிய எழுத்துக்கு இல்லை. ஏடு சொல்வதை வயலும் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு அவர் பிள்ளை எழுதட்டும். குமாஸ்தா எழுத வேண்டாம்.

நான்காவது, உட்பரிசோதனை. வெளியிலிருந்து வரும் பரிசோதகர் சில வயல்களையே பார்ப்பார். வருஷத்துக்கு இருமுறை எல்லா வயல்களையும் பார்க்க வேண்டியவர் குழுவின் சொந்தப் பரிசோதகரே. அவர் தம் உறவினர் வயலைப் பார்க்கலாகாது. அன்றியும், பட்டா ஒருவர் பெயரிலும், குத்தகை மற்றொருவர் கையிலும், நடவும் களையெடுப்பும் பெண்மக்கள் கையிலும் இருக்கின்றன. நிலத்தில் உண்மையாக உழைப்பவர் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் உறுதிமொழி யாரைக் கட்டும்?

இவ்வளவும் எளிது. கடினமான கேள்வி ஒன்று இருக்கின்றது. பிசான நெல் கதிர் வாங்கும் சமயத்தில் ஒருவர் வயலில் புகையான் விழுகின்றது. வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தும் அடங்கவில்லை. வீட்டில் கடன், கண்ணெதிரே கருகும் பயிர். இரவில் போய் மருந்து அடித்துவிடுகின்றார். குழு அவரை என்ன செய்வது? ‘விலக்குக’ என்பர் சிலர். ‘ஒரு முறைதானே, மூடி மறைத்து விடுக’ என்பர் வேறு சிலர். இரண்டும் நாசத்துக்கே வழி. மறைத்தால் ஒருவர் பிழை அனைவர் பொய்யாகின்றது. உடனே விலக்கினாலோ, அடுத்த முறை தவறுகிறவர் வாயே திறக்கமாட்டார்.

நமது யோசனை இது. மறுநாட் காலையில் தாமே வந்து சொன்னவரின் விளைச்சலைத் தனியே பிரித்துச் சாதாரணச் சரக்காக விற்க வேண்டும். அவ்வயலுக்கு மாறுதற் காலம் புதிதாகத் தொடங்க வேண்டும். சான்றளிக்கும் இலாகாவுக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆனால் சங்கத்தில் அவர் இடம் அவருக்கு இருக்க வேண்டும். மறைத்துப் பின் பிடிபட்டவருக்கு இடமில்லை. அன்றியும், விற்பனையில் ஒரு பகுதியை ஆரம்பத்திலிருந்தே பொதுநிதியாக ஒதுக்கி, பயிரிழந்தவருக்குக் கைகொடுக்க வேண்டும். பசியிருக்கும் வீட்டில் சத்தியத்தை மட்டும் வற்புறுத்துவது தர்மமாகாது. மாறுதற் காலத்தில் விளைச்சல் குறையலாம்; கூடுதல் விலையும் கிடையாது. இந்த வருஷங்களைக் குடியானவர் தனியே சுமக்கும்படி விடுவது சர்க்காருக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் அழகன்று. 2023ல் அங்கக வேளாண்மைக் கொள்கை ஒன்றை வெளியிட்ட தமிழ்நாட்டுச் சர்க்கார், அதன் பயனை இங்கேதான் காட்ட வேண்டும்.

‘நம் பாட்டனார் எந்தச் சான்று வாங்கிப் பயிர் செய்தார்?’ என்று கேட்பவர் உண்டு. பாட்டனார் விற்றது தம் முகம் அறிந்தவருக்கு. முகமே அத்தாட்சியாயிருந்தது. இன்றும் முகம் தெரிந்த இடத்தில் காகிதம் வேண்டியதில்லை. 2017ஆம் வருஷத்து அங்கக உணவு விதிகளும் சிறு உற்பத்தியாளர் உண்பவருக்கு நேரே விற்பதற்கு விலக்களிக்கின்றன. பாளையங்கோட்டை உழவர் சந்தையில் கூடை வைத்து விற்பவருக்குத் தம் சொல்லே போதும். சென்னையிலும் ஹாம்பர்க்கிலும் உண்பவர் கங்கைகொண்டானைக் கண்டதில்லை. அவருக்கு நம் சொல்லை எடுத்துச் செல்லும் வாகனமே சான்று. சொல் பொய்யானால் வாகனத்தால் பயனில்லை.

1960களில் கோவில்பட்டி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம் பார்த்து, பின் அதை விட்டுக் களக்காட்டுக் கிராமங்களில் குடியானவரோடு வாழ்ந்து பழகிய கோ.நம்மாழ்வார், 2013ல் மறையும்வரை தமிழ்நாடு முழுவதும் நடந்து திரிந்தார். இன்று இயற்கை விவசாயம் என்று பேசுவோருக்கு அவர் பெயர் மனப்பாடம். அவர் கற்றது வயலில், குடியானவரிடம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நம் நேயர்களில் தேசப்பணியில் ஈடுபட்டவர் பலர். அவர்களுக்கு ஒரு வார்த்தை. கங்கைகொண்டானுக்குச் செல்லுங்கள், பிரசங்கம் செய்வதற்காகச் செல்ல வேண்டாம். குடியானவர் கையெழுத்திடும் ஒவ்வொரு காகிதத்தையும் அவருக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். சங்க விதிகளை எழுத உதவுங்கள். கணக்குப் பார்க்கக் கற்றுக் கொடுங்கள். அது முடிந்ததும் பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். வியாபாரியின் பிடியிலிருந்து தப்பித் தொண்டரின் பிடியில் சிக்குவது விடுதலையாகாது.

சான்று வந்த அன்று அது எந்தச் சுவரில் தொங்குகிறதென்று பாருங்கள். குடியானவரின் சங்கக் கட்டடத்துச் சுவரில் தொங்குமாயின், அதில் எழுதியுள்ள ஒவ்வோரெழுத்தும் அவர்கள் அறிந்து சொன்ன உண்மையாயின், வேலை நன்றாக நடந்திருக்கிறதென்று நாம் கொள்ளலாம்.