காற்று புகுந்தால் ரயில் நிற்கும்

மைசூரில் ஹெப்பாள் பக்கமிருந்து கிருஷ்ணராஜசாகர் சாலை வழியாக நகருக்குள் வந்தால், 1979இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகம். அங்கே நிற்கும் நீராவி எஞ்சின்களின் புகைபோக்கியையும் சக்கரங்களையும் பிள்ளைகள் வியந்து பார்க்கிறார்கள். இவ்வளவு பெரிய இரும்பை எப்படி நிறுத்தினார்கள் என்று கேட்பவர் குறைவு.

ஆரம்ப கால ரயில்களில் பிரேக் என்பது மனிதக் கைதான். டிரைவர் விசில் ஊதுவார். கார்டும் பிரேக்ஸ்மேன்களும் தங்கள் பெட்டியிலுள்ள கைப்பிடியைச் சுற்றுவார்கள். ரயில் நிற்பதற்குள் ஸ்டேஷனே தாண்டிப் போகலாம்.

அப்புறம் வந்தது வேக்குவம் பிரேக். முதலில் வந்த எளிய வகையில், குழாயிலிருந்து காற்றை உறிஞ்சினால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் துண்டிக்கப்பட்டால் பிரேக்கே கிடையாது. அயர்லாந்தில் அர்மா நகருக்கு அருகே, 1889 ஜூன் 12 அன்று, ஞாயிறு பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற ரயில் ஏற்றத்தில் திணறி நின்றது. முன்பெட்டிகளை மட்டும் இழுத்துச் செல்லலாமென்று ரயிலைப் பிரித்தார்கள். பின்பெட்டிகளுக்கு மிஞ்சியது ஒரு கைபிரேக். அது தாங்கவில்லை. பெட்டிகள் சரிவில் பின்னோக்கி ஓடி, அடுத்து வந்த ரயிலில் மோதின. இறந்தவர்கள் சுமார் 80 பேர். அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பயணி ரயில்களுக்குத் தானியங்கி பிரேக்கைக் கட்டாயமாக்கியது.

தானியங்கி வகையில் கணக்கு தலைகீழ். எஞ்சினின் எஜெக்டர் நீராவியைப் பாய்ச்சிக் குழாயை வெற்றிடமாக வைத்திருக்கும்வரை சக்கரம் சுழலும். எங்கே காற்று புகுந்தாலும் பிரேக் கட்டைகள் சக்கரத்தைக் கவ்வும். பெட்டி கழன்றாலும் சரி, ரப்பர் குழாய் வெடித்தாலும் சரி. அதனால்தான் காரணம் தெரியாமல் நடுக்காட்டில் ரயில்கள் நின்றன. கார்டு விளக்கோடு இறங்கி, எங்கே 'உஸ்' என்று சத்தம் வருகிறதென்று காதை வைத்துக்கொண்டே நடக்க வேண்டும்.

அபாயச் சங்கிலியும் இதே சூட்சுமம்தான். இழுத்தால் பெட்டியின் ஓரத்தில் ஒரு வால்வு திறக்கும். துவாரம் சிறியது, கேஜில் முள் இறங்குவதைப் பார்த்து டிரைவரும் பிரேக் போடுவார். வெளியே திரும்பியிருக்கும் தகடு எந்தப் பெட்டி என்று காட்டிவிடும். ஆளைக் காட்டாது. இழுத்தவர் அதற்குள் தன் ஊர் வரப்பில் நடந்துகொண்டிருப்பார். காரணமின்றி இழுப்பவருக்கு 1989 ரயில்வே சட்டத்தின் 141ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்தது.

எஞ்சினில் இருந்தவர்களுக்குத் தண்டனை உடனே கிடைத்தது. வால்வை மூடிய பிறகு, ரயில் நெடுகப் புகுந்த காற்றை எஜெக்டர் மறுபடி உறிஞ்ச வேண்டும். அதற்கும் நீராவி, ஏற்றத்தில் மீண்டும் கிளம்பவும் நீராவி. ஃபயர்மேன் கரியை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.