சுருங்கும் குப்பிகள்

குமுளி மலைச்சாலை கீழிறங்கிச் சமவெளியைத் தொடும் இடத்தில் லோயர் கேம்ப் அமைந்திருக்கிறது. முல்லைப்பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தைக் கடந்து, பெருங்குழாய்களின் வழியே இறங்கி, இங்குள்ள மின்னிலையத்தின் சுழலிகளை இயக்கிவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நோக்கிச் செல்கிறது. அளவு என்னும் சொல்லின் மதிப்பை இப்பகுதி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அணையின் நீர்மட்டம் 136 அடியா, 142 அடியா என்னும் ஆறடி வேறுபாடு உச்ச நீதிமன்றம் வரை சென்றது; 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு 142 அடியை உறுதிசெய்தது. முதல் போகத்திற்கு நீர் திறக்கும் நாளில் பாசனத்திற்கு எத்தனை கன அடி, குடிநீருக்கு எத்தனை கன அடி என்று தேநீர்க்கடையில் அமர்ந்திருக்கும் முதியவரும் பிழையின்றிச் சொல்வார்.

அவர் கையில் இருக்கும் குளிர்பானக் குப்பியில் எத்தனை மில்லி லிட்டர் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். விலையை உடனே சொல்வார். அளவைக் கேட்டால் குப்பியைத் திருப்பிப் பார்ப்பார். அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. பல்லாண்டுகளாக நானும் அப்படித்தான் வாங்கிவந்தேன்.

விலையை உயர்த்தாமல் பொருளின் அளவைக் குறைப்பது இன்று உலகெங்கும் வணிகத்தில் வேரூன்றிய வழக்கம். நம் நாட்டில் அது சிறிய பொட்டலங்களில்தான் மிகுதியாக நடைபெறுகிறது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்பவை கைக்கு எளிதில் வரும் தொகைகள். திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வேலை முடித்துத் திரும்பும் ஒரு பெண், பேருந்துக் கட்டணம் போக எஞ்சிய பத்து ரூபாய் நாணயத்தை நீட்டித் தன் பிள்ளைக்கு ஒரு குப்பி வாங்குகிறார். அதன் விலை பதினொரு ரூபாயானால் அவர் அன்றே அறிவார், வாங்காமலும் போகலாம். உள்ளிருக்கும் பானம் இருபது மில்லி குறைந்தால் அறியமாட்டார். இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்தவர்களே குப்பியின் அளவை முடிவு செய்கிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்து ரூபாய்க்கு 250 மில்லி பானம் கிடைத்தால் லிட்டரின் விலை 40 ரூபாய். அதே பத்து ரூபாய்க்கு 200 மில்லி என்றால் 50 ரூபாய். அளவில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. விலையில் ஏறியதோ நான்கில் ஒரு பங்கு. குறைப்பு எப்போதும் தன் உருவத்தைவிடச் சிறியதாகத் தோன்றும் என்பது கணிதம் அறிந்தோர்க்குப் புதிதன்று.

கோலி சோடாவின் காலத்தில் இது இத்துணை எளிதாக இருந்ததில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹைரம் காட் என்பவர் 1870களின் தொடக்கத்தில் உருவாக்கிய குப்பி அது. கழுத்தில் ஒரு பளிங்கு உருண்டை, வாயருகே ஒரு ரப்பர் வளையம். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே உருண்டையை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். கனத்த கண்ணாடியாலான அக்குப்பி கடைக்கும் சோடாக் கம்பெனிக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் சென்று திரும்பியது. அளவைக் குறைக்க விரும்பும் முதலாளி தன்னிடமுள்ள குப்பிகள் அனைத்தையும் மாற்றியாக வேண்டும். குப்பியே அங்கு அளவுகருவியாக நின்றது. ஒருமுறை குடித்தபின் எறியப்படும் நெகிழிக் குப்பிக்கு இந்தத் தடை இல்லை. வார்ப்பை மாற்றிவிட்டால் அடுத்த மாதமே புதிய அளவு கடைக்கு வந்துவிடும். வெளித்தோற்றம் ஏறத்தாழ அதுவே. அடிப்பகுதி மட்டும் சற்று உட்குழிந்திருக்கும். குப்பி சிறுக்கச் சிறுக்க, ஒரு லிட்டர் பானத்தைச் சுமக்கத் தேவைப்படும் நெகிழி கூடுகிறது என்பதையும் மறந்துவிடலாகாது. அந்தக் கூடுதல் நெகிழி இறுதியில் எந்த வாய்க்காலில் சென்று தேங்குகிறது என்பதைப் பள்ளத்தாக்கின் உழவர்கள் சொல்வார்கள்.

அளவைக் காப்பது அரசின் கடமை என்னும் எண்ணம் நம் மண்ணில் பழமையானது. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் நெல்லின் அளவைக் கூறும்போது, அது 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே குறிக்கின்றன. எந்த மரக்கால் என்று சொல்லாத அளவு அளவாகாது என்பது அக்காலத்தார் துணிபு. நம் காலத்தில் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன்கீழ் 2011இல் நடைமுறைக்கு வந்த பொட்டலப் பொருள் விதிகளும் அப்பணியைச் செய்கின்றன. குளிர்பானம், பிஸ்கட், தேயிலை, சமையல் எண்ணெய் உள்ளிட்ட சில பொருள்களை இன்னின்ன அளவுகளில் மட்டுமே பொட்டலமிடலாம் என்று அவ்விதிகளில் ஒரு பட்டியல் இருந்தது. 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட திருத்தம் அப்பட்டியலை நீக்கிவிட்டது. உற்பத்தியாளர் விரும்பிய அளவில் விற்கலாம். அதற்கு ஈடாக, ஓர் அலகின் விலையையும் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

நல்ல ஏற்பாடுதான் என்று நானும் முதலில் மகிழ்ந்தேன். பிறகு ஒரு குப்பியை எடுத்துப் படித்தபோதுதான் அதிலுள்ள ஓட்டை தெரிந்தது. ஒரு லிட்டருக்குக் குறைவான குப்பியில் விலையை மில்லி லிட்டருக்கு இவ்வளவு என்று, இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கிக் குறித்தால் போதும். பத்து ரூபாய்க்கு 220 மில்லி விற்றால் மில்லியின் விலை 0.045 ரூபாய், முழுமையாக்கினால் 0.05. அதே விலைக்கு 185 மில்லி விற்றால் 0.054; முழுமையாக்கினால் அதுவும் 0.05. முப்பத்தைந்து மில்லி பானம் மறைந்துபோகிறது. நுகர்வோரைக் காக்க அச்சிடப்பட்ட எண்ணோ அசையாமல் நிற்கிறது. லிட்டர்க் கணக்கில் எழுதினால் இவ்விரண்டும் 45 ரூபாய் 45 காசு, 54 ரூபாய் 5 காசு என்று வெளிப்பட்டுவிடும். பெரிய குப்பி வாங்க வசதியுள்ளவருக்கு லிட்டரின் விலை தெளிவாகக் கிடைக்கிறது. பத்து ரூபாய்க்காரருக்குக் கிடைப்பது காசின் பின்னம்.

சர்க்கரை மிகுந்த பானம் குறைந்தால் உடலுக்கு நன்மைதானே என்று கேட்பவர் உண்டு. நன்மைதான்; மறுக்கவில்லை. அந்நோக்கத்தோடு குறைத்திருந்தால் அதைக் குப்பியின் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டுப் பெருமைப்பட்டிருப்பார்களே! கூடுதலாகத் தரும்போது வண்ணப் பட்டையிட்டு அறிவிக்கும் நிறுவனங்கள், குறைக்கும்போது மட்டும் ஏன் மௌனம் காக்க வேண்டும்?

இவ்வளவும் வேண்டாம், வீட்டிலேயே சோடா தயாரித்துக்கொள்வோம் என்று அதற்கான கருவியை வாங்குவோரும் நகரங்களில் பெருகியுள்ளனர். அங்கும் அளவைப் பார்த்தே வாங்க வேண்டும். கருவிக்குரிய சிறு உருளைகள் சில, '60 லிட்டர் சோடா வரை' என்னும் உறுதிமொழியோடு விற்கப்படுகின்றன. 'வரை' என்னும் அச்சிறு சொல் எத்தனை பெரிய இடைவெளியையும் தாங்கும். நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, எத்தனை அழுத்தம் கொடுக்கிறோம் என்பவற்றைப் பொறுத்தே கரையும் வாயுவின் அளவு அமையும். ஹென்றியின் விதியைப் பயின்ற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அத்தகைய உருளையில் நாம் விலை கொடுத்து வாங்குவது கார்பன் டை ஆக்சைடை. அதற்குக் கிராமே அளவு.

பிரான்சு நாட்டில் 2024 சூலை முதல், விலையைக் குறைக்காமல் அளவைக் குறைத்த பொருளின் அருகே அச்செய்தியைப் பெரிய கடைகள் இரண்டு மாதம் அறிவிப்பாக வைக்க வேண்டும் என்று ஆணையுள்ளது. நம் ஊர்ப் பெட்டிக்கடைக்காரர் தலையில் அத்தகைய சுமையை ஏற்றுவது முறையன்று; குறைத்தவர் அவர் அல்லர். குறைத்த நிறுவனமே முந்தைய அளவையும் புதிய அளவையும் குப்பியில் அருகருகே சில மாதங்கள் அச்சிட்டு வரட்டும். அலகு விலையைப் பொறுத்தவரை, விதியில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். சிறிய குப்பியானாலும் பெரிய குப்பியானாலும், மில்லி லிட்டருக்கு என்பது லிட்டருக்கு என்றாகட்டும்.