கொலையாளி யார்? தயவு செய்து சொல்லாதீர்கள்!

சென்ற மாதம் ஒரு நாள் பிற்பகல். அடுப்படி வேலையெல்லாம் ஒழித்துவிட்டு, மின்விசிறிக்கு அடியில் பாயை விரித்துப் போட்டு, வாடகை நூல்நிலையத்திலிருந்து கொண்டு வந்திருந்த ஒரு துப்பறியும் நாவலைக் கையில் எடுத்தேன். மூன்று வாரம் காத்திருந்து கிடைத்த புத்தகம். ஆசையோடு முதல் பக்கத்தைப் புரட்டினேன். கதாபாத்திரங்களின் பெயர்கள் அங்கே வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. அதில் ஒரு பெயரைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்திலேயே, "இந்த ஆசாமிதான் கொலைகாரன்!" என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்!

எனக்கு வந்த கோபத்தில், அந்த மகானுபாவர் மட்டும் எதிரே இருந்திருந்தால் இன்னொரு துப்பறியும் நாவலுக்கு விஷயம் கிடைத்திருக்கும்.

"இதற்குப் போய் இவ்வளவு ஆத்திரமா?" என்று நீங்கள் சிரிக்கலாம். சகோதரிகளே, மர்ம நாவல் என்பது ஆசிரியருக்கும் வாசகருக்கும் நடக்கும் ஒரு சொக்கட்டான் ஆட்டம். ஆட்டம் தொடங்கும் முன்பே யாராவது வந்து காய்களைக் கலைத்துவிட்டால் கோபம் வராதா?

மற்ற நாவல்களுக்கு மதிப்புரை எழுதுவது சுலபம். கதையைச் சுருக்கமாகச் சொல்லி, நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். மர்ம நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறவர் கதையைச் சொன்னாலோ, மகா பாபம். சொல்லாவிட்டாலோ, எழுத ஒன்றும் இல்லை! பின் எதைத்தான் சொல்வது?

லண்டன்காரர்கள் இந்த விஷயத்தில் நமக்கெல்லாம் வழிகாட்டுகிறார்கள். அகாதா கிறிஸ்டி எழுதிய 'எலிப்பொறி' என்ற நாடகம் அங்கே 1952-ஆம் வருஷம் நவம்பர் மாதம் அரங்கேறியது. 2020-ல் கொரோனா வந்து நாடக சாலைகளை மூடும் வரையில் அது நிற்கவேயில்லை. மறு வருஷமே மீண்டும் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் நாடகம் முடிந்ததும் நடிகர் ஒருவர் முன்னால் வந்து, "குற்றவாளி யார் என்ற ரகசியத்தை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சபையோரை வேண்டிக்கொள்வது வழக்கம். லட்சக் கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். ஆனாலும் இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவர்களில் பலர் முடிவு தெரியாமலே போகிறார்கள். ரகசியத்தைக் காப்பாற்ற மனிதர்களால் முடியாது என்று யார் சொன்னது?

ஆகவே, மர்ம நாவலைப் படித்து முடித்ததும் முடிவு என்ன என்பதை விட்டுவிட்டு, ஆசிரியர் நேர்மையாக ஆடினாரா என்று மட்டும் நான் பார்க்கிறேன். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. புத்தகத்தை இரண்டாம் முறை படிப்பது.

1926-ல் அதே அகாதா கிறிஸ்டி 'ரோஜர் அக்ராய்டின் கொலை' என்று ஒரு நாவல் எழுதினார். அது வெளிவந்தபோது பெரிய சர்ச்சை கிளம்பியது. "இது மோசடி! வாசகரை ஏமாற்றிவிட்டார்!" என்று ஒரு சாரார் கூச்சல் போட்டார்கள். அப்போது இன்னொரு துப்பறியும் நாவலாசிரியையான டாரதி சேயர்ஸ், ஆசிரியையின் பக்கம் பேசினார். கதையில் வரும் ஒவ்வொருவரையும் சந்தேகிப்பது வாசகரின் பொறுப்பு என்பது அவருடைய கட்சி. நான் அந்தப் புத்தகத்தை இரண்டு முறை படித்திருக்கிறேன். முதல் முறை ஏமாந்தேன். இரண்டாம் முறை, ஒரு பொய் வாக்கியமாவது அகப்படுமா என்று பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். அகப்படவில்லை. எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. இந்த எண்ணம் வந்தால் அது நல்ல நாவல். "இதை எங்கே ஐயா சொன்னீர்?" என்று கேட்கத் தோன்றினால் அது மட்டமான நாவல்.

இந்த நேர்மையைக் காப்பாற்றுவதற்கென்றே 1930-ல் லண்டனில் எழுத்தாளர்கள் ஒரு கழகம் ஆரம்பித்தார்கள். ஜி. கே. செஸ்டர்டன் அதன் முதல் தலைவர். கிறிஸ்டியும் சேயர்ஸும் அங்கத்தினர்கள். புதிதாகச் சேருகிறவர்கள் ஒரு மண்டை ஓட்டை வைத்துக்கொண்டு பிரமாணம் செய்ய வேண்டுமாம்! முக்கியமான தடயம் எதையும் வாசகரிடமிருந்து மறைப்பதில்லை. தெய்வத்தின் அருள் வாக்கு, மந்திர தந்திரம், தற்செயலான அதிர்ஷ்டம் ஆகியவற்றைக் கொண்டு குற்றத்தைக் கண்டுபிடிப்பதில்லை. இப்படிப் போகிறது பிரமாணம். அந்த ஜாபிதாவில் இன்னொன்றும் இருக்கிறது. என்ன தெரியுமா? பெண்களின் உள்ளுணர்வு!

ஆமாம். "எனக்கு என்னவோ அவன்மேல்தான் சந்தேகமாயிருக்கிறது" என்று ஒரு பெண்மணி சொல்லி, அதனால் மர்மம் விடுபடுவதாக எழுதக் கூடாது. முதலில் படித்தபோது எனக்கும் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் நியாயம் தெரிகிறது. பெண்களின் உள்ளுணர்வு என்று பெயர் சூட்டப்படுவதில் பெரும் பகுதி உள்ளுணர்வே அல்ல. கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, வருஷக் கணக்காக மனத்தில் சேர்த்து வைத்த சரக்கு அது!

இதைக் கிறிஸ்டி நன்றாக அறிந்திருந்தார். கழகம் தோன்றிய அதே 1930-ல், 'பாதிரியார் வீட்டில் கொலை' என்ற நாவலில் மிஸ் மார்ப்பிள் வந்து சேர்ந்தாள். சின்னக் கிராமம், கல்யாணமாகாத கிழவி, கையில் பின்னல் வேலை. ஊர் வம்புக்காரி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் அவள் எந்தக் கொலையைப் பார்த்தாலும், "இது எங்கள் ஊரில் இன்னார் செய்த காரியம் போல இருக்கிறதே!" என்று ஒப்பிட்டுப் பார்க்கிறாள். மனித சுபாவம் எங்கும் ஒன்றுதானே? யாரைப் பார்த்தாலும் மோசமானதையே எதிர்பார்த்து, பல சமயங்களில் அது சரியாகவும் போய்விடும் தம் பாட்டியின் சாயல் மார்ப்பிளிடம் உண்டு என்று கிறிஸ்டியே எழுதியிருக்கிறார்.

எங்கள் வீட்டிலும் ஒரு மிஸ் மார்ப்பிள் இருந்தாள். என் அத்தைப் பாட்டி. நாவல் வாசனையே அறியாதவள்.

நான் சிறுமியாக இருந்தபோது, வீட்டில் ஒரு விசேஷம் நடந்த மறுநாள் வெள்ளி டம்ளர் ஒன்றைக் காணோம். வீடே அமர்க்களப்பட்டது. "பாத்திரம் தேய்க்கிறவள் ஒருத்திதானே வெளி மனுஷி!" என்று முதலில் குரல் கொடுத்தவள் என் சித்தி. மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியும் ஆயிற்று. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அத்தைப் பாட்டி சமையலறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "நெய் ஜாடி பக்கத்தில் இந்த ஆழாக்கு ஏன் இருக்கிறது?" என்று கேட்டாள்.

"நேற்று பட்சணத்துக்கு அதில்தான் நெய் அளந்தோம்" என்றார் அம்மா.

"சரி. அப்படியானால் நேற்று அரிசியை எதனால் அளந்தீர்கள்?"

யாரும் பதில் சொல்லவில்லை. பாட்டி அரிசிப் பானைக்குள் முழங்கை வரையில் கையை விட்டாள். வெள்ளி டம்ளர் வெளியே வந்தது. முந்தின நாள் அவசரத்தில் அரிசி அளந்தவள் யார் என்கிறீர்களா? சித்திதான்!

பாட்டி தானே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவளைக் கையோடு அழைத்து வந்தாள். அவள் வந்து பழையபடி வேலை செய்தாள். ஆனால் அன்றைக்கு அப்புறம் எங்கள் வீட்டில் அவள் ஒரு வாய்க் காப்பி குடித்ததில்லை. எத்தனை முறை கொடுத்தாலும், "வேண்டாம் அம்மா" என்று சொல்லிவிடுவாள்.

அமெரிக்காவில் வான் டைன் என்ற நாவலாசிரியர் 1928-ல் துப்பறியும் கதைகளுக்கு இருபது விதிகள் வகுத்தார். அவற்றில் ஒன்று, வேலைக்காரரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பது. ஏழைகளின் மேலுள்ள கருணையால் அவர் இதைச் சொல்லவில்லை. அது மிகவும் சுலபமான முடிவு, கெட்டிக்கார வாசகருக்கு அது போதாது என்பதுதான் காரணம். அதைப் படித்த அன்று எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது. நாவலில் நாம் வேலைக்காரியைக் கடைசியில்கூடச் சந்தேகிப்பதில்லை. வீட்டில் முதல் சந்தேகமே அவள்மேல்தான்! சுலபமான முடிவு கதைக்கு ஆகாது என்றால், ஒரு மனுஷியின் மானத்துக்கு மட்டும் ஆகுமா?

"கொலைக் கதை படித்தால் புத்தி கெட்டுப் போகும்" என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை நான் பரிகாசம் செய்யவில்லை. ரத்தத்தையும் கோரத்தையும் பக்கம் பக்கமாக வர்ணித்துக் காசு பண்ணும் புத்தகங்களும் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றை என் வீட்டுக் குழந்தைகள் கையில் நானும் கொடுக்க மாட்டேன். ஆனால் நடந்த விஷயம் ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதல் உலக யுத்தத்தின்போது கிறிஸ்டி தம் ஊரான டார்க்கியில் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தார். விஷங்களைப் பற்றி அங்கே கற்றதைத்தான் பின்னால் கதைகளில் உபயோகித்தார். 1961-ல் அவர் எழுதிய ஒரு நாவலில் தாலியம் என்ற விஷம் வருகிறது. நாவலின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நானும் பென்சில்காரரும் ஒன்றாகிவிடுவோம்!

தாலியத்துக்கு நிறமில்லை, ருசியில்லை. உடம்பில் சேர்ந்தால் பல வியாதிகளைப் போல வேஷம் போடும். தலைமயிர் கொத்துக் கொத்தாய் உதிர்வது அதன் முக்கிய அடையாளம்.

1977-ல் கத்தார் நாட்டிலிருந்து ஒன்றரை வயசு தாண்டிய ஒரு பெண் குழந்தையை லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் கொண்டு வந்தார்கள். குழந்தை நினைவு தப்பும் நிலையில் இருந்தது. பெரிய பெரிய டாக்டர்கள் பார்த்தும் வியாதி இன்னதென்று புலப்படவில்லை. கட்டிலருகே இருந்த நர்ஸ் ஒருத்தி அந்தச் சமயம் கிறிஸ்டியின் அந்த நாவலைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் தலைமயிர் உதிர்வதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறி தட்டியது. "இது தாலியமாக இருக்குமோ?" என்று டாக்டர்களிடம் சொன்னாள். அவர்களும், நாவல் படிக்கிற பெண்தானே என்று தள்ளிவிடவில்லை. பரிசோதித்தார்கள். தாலியமேதான்! வீட்டில் எலி, கரப்பான் தொல்லைக்காக வைத்திருந்த மருந்து எப்படியோ குழந்தையின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. தகுந்த சிகிச்சை நடந்தது. குழந்தை பிழைத்தது. பின்னால் மருத்துவப் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதிய டாக்டர்கள், அந்த நர்ஸுக்கும் அகாதா கிறிஸ்டிக்கும் நன்றி சொல்லியிருந்தார்கள். அந்த நன்றியைக் கேட்கக் கிறிஸ்டி இல்லை. முந்தின வருஷம், 1976 ஜனவரியில், காலமாகிவிட்டார்.

மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும் அல்லவா? 1971-ல் இங்கிலாந்தில் ஒருவன், தன்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தேநீரில் தாலியம் முதலிய விஷங்களைக் கலந்து கொடுத்து இரண்டு பேரைக் கொன்றான். கிறிஸ்டி நாவலைப் படித்துத்தான் கற்றான் என்று பேச்சு எழுந்தது. ஆனால் அவன் சிறு பையனாக இருந்தபோதே விஷங்களைப் பற்றிய சாஸ்திர நூல்களைத் தேடித் தேடிப் படித்தவன். பதினான்கு வயசிலேயே வீட்டாருக்கு விஷம் கொடுத்துப் பிடிபட்டவன். அவனுக்கு நாவல் தேவைப்படவில்லை. அந்த நர்ஸுக்குத்தான் தேவைப்பட்டது.

எனவே, சகோதரிகளே, தாராளமாக மர்ம நாவல் படியுங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் முதலில் பார்க்காதீர்கள். முக்கால் பாகம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, குற்றவாளி யார், ஏன் என்று ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். "ஏன்" என்பதற்குப் பதில் எழுத முடியாவிட்டால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். வீட்டில் ஏதாவது காணாமல் போகும்போதும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

அந்தப் பென்சில் எழுத்து விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? இரண்டு நாள் புத்தகத்தைத் தொடாமலே வைத்திருந்தேன். மூன்றாம் நாள், காசு கொடுத்த தோஷத்துக்காகப் படிப்போம் என்று ஆரம்பித்தேன். வட்டம் போட்ட அந்த ஆசாமி வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே படித்தேன். கடைசி அத்தியாயத்துக்கு வந்தேன்.

கொலைகாரன் அவன் இல்லை!

பாதிப் புத்தகத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்து எழுதிய அந்த மகானுபாவர், மீதியைப் படிக்கவே இல்லை போலிருக்கிறது. புத்தகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களுக்கு ஒரு சந்தேகம் குறைந்துவிடும் அல்லவா? ஒரு ரப்பர் துண்டை எடுத்து அந்த எழுத்தைச் சுத்தமாக அழித்து, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.