கையெழுத்துக்குக் காத்திருக்கும் வடிகால்கள்: ஃபுளோரிடா கவுண்டிகளின் நிதிக் கோரிக்கைகள்

2024 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரே நாளில் இரண்டு காரியங்கள் நடந்தன. தென்பகுதியில் விடாமல் கொட்டிய மழையில் தெருக்கள் ஆறாகி, கார்கள் நடுவழியில் நின்றுபோயின. ஆளுநர் ரான் டிசான்டிஸ் ப்ரோவர்டு, மயாமி-டேட், காலியர், லீ, சரசோட்டா ஆகிய ஐந்து கவுண்டிகளுக்கு அவசரநிலை அறிவித்தார். அதே நாளில் அவர் மாநிலத்தின் புதிய பட்ஜெட்டிலும் கையெழுத்திட்டார். ஏறத்தாழ 11,650 கோடி டாலர் பட்ஜெட் அது. கையெழுத்திடும்போது சட்டமன்றம் ஒப்புதல் தந்திருந்த இனங்களில் சுமார் 95 கோடி டாலர் பெறுமானவற்றை ரத்து செய்தார். அப்படி அடிபட்டவற்றில் மழைநீர் வடிகால், கழிவுநீர்த் திட்டங்களின் மதிப்பு மட்டும் 20 கோடி டாலருக்கு மேல் என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் கணக்கிட்டன.

வெள்ளத்துக்கு அவசரநிலை, வெள்ளம் வடியச் செய்யும் திட்டத்துக்கு ரத்து. இரண்டும் ஒரே நாளில், ஒரே மனிதரின் கையெழுத்தில் எப்படிச் சாத்தியமானது? அந்தக் கேள்விக்கு விடை தேடினால், ஓர் உள்ளாட்சி தன் சாக்கடைக்காக மாநிலத்தின் வாசலில் நிற்கும் நிலை எப்படி உருவாகிறது என்பது புரியும்.

கவுண்டியின் கையில் என்ன இருக்கிறது?

கவுண்டி என்பது நம்மூர் மாவட்டத்தைப் போன்ற ஒரு நிலப்பரப்பு. ஆனால் அதை நிர்வகிப்பவர்கள் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆணையர்கள். ஃபுளோரிடாவில் இப்படி 67 கவுண்டிகள் உள்ளன. சாலை, குடிநீர், வடிகால், குப்பை, தீயணைப்பு, சிறைச்சாலை எனப் பல பொறுப்புகள் அவற்றின் தலையிலும் அவற்றுள் அடங்கிய நகராட்சிகளின் தலையிலும் விழுகின்றன.

பொறுப்பு பெரிது. வருவாய் வழியோ குறுகலானது. ஃபுளோரிடாவில் தனிநபர் வருமான வரி கிடையாது. மாநில அரசமைப்பே அதற்குத் தடை போட்டிருக்கிறது. விற்பனை வரியின் பெரும்பகுதி மாநிலத்துக்குப் போகிறது. கவுண்டிக்கு மிஞ்சும் முக்கிய வருவாய் சொத்து வரிதான். அதற்கும் உச்சவரம்பு உண்டு. சொத்தின் வரி மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர் என்பதை அங்கே ஒரு 'மில்' என்பார்கள். கவுண்டி தன் பொதுச் செலவுக்குப் பத்து மில்லுக்கு மேல் விதிக்க முடியாது. இது தவிர, 1992இல் வாக்காளர்கள் ஏற்ற ஒரு திருத்தத்தின்படி, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பை ஓராண்டில் 3 சதவீதத்துக்கு மேல் உயர்த்த இயலாது. வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் சிமென்ட் விலையும் கூலியும் அந்த 3 சதவீதத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

பணக்காரக் கடற்கரைக் கவுண்டிகள் இதையும் மீறிச் சமாளித்துவிடும். மாநிலத்தின் வடக்கிலும் உட்பகுதியிலும் உள்ள கிராமப்புறக் கவுண்டிகளில் ஒரு மில் வரி போட்டால் திரளும் தொகை ஒரு பாலம் கட்டவே போதாது. இத்தகைய கவுண்டிகளை 'நிதி நெருக்கடியுள்ளவை' என்று மாநிலச் சட்டமே தனியாக வகைப்படுத்தியுள்ளது.

சொந்தக் காலில் நிற்க முயன்ற கவுண்டிகளும் உண்டு. ப்ரோவர்டு வாக்காளர்கள் 2018இல் போக்குவரத்துக்காக விற்பனை வரியுடன் கூடுதலாக 1 சதவீதம் செலுத்த ஒப்புக்கொண்டார்கள். அதே ஆண்டில் டாம்பா நகரம் அமைந்துள்ள ஹில்ஸ்பரோ கவுண்டியிலும் 57 சதவீத வாக்காளர்கள் அதேபோன்ற ஒரு வரியை ஏற்றார்கள். ஆனால் அந்த வரித் தீர்மானம், பணத்தை எதற்கு எவ்வளவு செலவிடுவது என்பதையும் முன்கூட்டியே வரையறுத்திருந்தது. அது ஆணையர்களின் அதிகாரத்தில் தலையிடுகிறது என்று வழக்கு வந்தது. 2021இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வரி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் வசூலாகிவிட்ட 50 கோடி டாலருக்கும் அதிகமான பணம் எந்தச் சாலைக்கும் போகாமல் முடங்கிக் கிடந்தது.

கோரிக்கை பயணிக்கும் பாதை

ஆகவே ஆண்டுதோறும் எல்லாக் கவுண்டிகளும் ஒரு பட்டியல் தயாரிக்கின்றன. இந்தப் பாலம், அந்த நீரேற்று நிலையம், செப்டிக் டேங்க்கை அகற்றிப் பாதாளச் சாக்கடையில் இணைக்கும் திட்டம் என்று அதில் வரிசையாக இருக்கும். ஆணையர்கள் அதற்கு ஒப்புதல் தருவார்கள். பிறகு அந்தப் பகுதியின் சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்தித்து ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பிரதிநிதியையும் ஒரு செனட்டரையும் பொறுப்பாளராகப் பிடிக்க வேண்டும். அவர்கள்தான் அவையில் விண்ணப்பம் தாக்கல் செய்ய முடியும்.

தலைநகர் டல்லஹாசியில் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் 60 நாட்கள் மட்டுமே. அந்த 60 நாட்களுக்குள் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் போட்டி போடுகின்றன. எந்தத் திட்டம் இறுதிப் பட்டியலில் ஏறும் என்பதில், திட்டத்தின் தேவையைவிட அதை முன்மொழிந்தவரின் செல்வாக்கு அதிகம் பேசும். இதனால்தான் பல கவுண்டிகள் பொதுப்பணத்தில் சம்பளம் கொடுத்துத் தரகு நிறுவனங்களை அமர்த்திக்கொள்கின்றன. பொதுப்பணத்தைக் கேட்டு வாங்குவதற்கே பொதுப்பணம் செலவாகிறது! அப்படிச் செலவழிக்க வழியில்லாத சின்னக் கவுண்டி வரிசையில் பின்னால் நிற்கிறது.

இத்தனையும் தாண்டி வந்தாலும் கடைசியில் ஆளுநரின் பேனா காத்திருக்கிறது. பட்ஜெட்டை மொத்தமாக ஏற்றுக்கொண்டு, பிடிக்காத இனங்களை மட்டும் அடித்துவிடும் அதிகாரம் ஃபுளோரிடா ஆளுநருக்கு உண்டு. அதை மாற்ற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அது அரிதாகவே நடக்கும். 2022இல் டிசான்டிஸ் ரத்து செய்தது சுமார் 310 கோடி டாலர். 2023இல் சுமார் 51 கோடி டாலர்.

பேனாவுக்குப் பின்னால் அரசியல்

இந்த அதிகாரத்துக்கு ஆதரவான வாதத்தையும் கேட்டுவிடுவது நியாயம். சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கள் தொகுதியில் பெயர் வாங்குவதற்காகத் தேவையற்ற திட்டங்களைச் செருகுவது உண்மை. அங்குள்ள வரி கண்காணிப்பு அமைப்பு ஒன்று, முறையான பரிசீலனை இல்லாமல் நுழைந்த இனங்களை 'வான்கோழி' என்று பெயரிட்டு ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகிறது. அவற்றைக் களைய யாராவது ஒருவர் வேண்டும் என்பது சரிதான்.

ஆனால் களையெடுக்கும் கை நடுநிலையாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2022இல் பாஸ்கோ கவுண்டியில் டாம்பா பே ரேஸ் பேஸ்பால் அணி பயிற்சி பெறுவதற்கான வளாகத்துக்கு ஒதுக்கிய சுமார் 3.5 கோடி டாலர் ரத்தானது. துப்பாக்கி வன்முறைக்கு எதிராக அந்த அணி கருத்து வெளியிட்ட சில நாட்களில் இது நடந்தது. விளையாட்டு அரங்குக்கு அரசுப்பணம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் தனியார் நிறுவனம் ஒன்றின் அரசியலுக்கு மானியம் தருவது பொருத்தமல்ல என்ற காரணத்தையும் ஆளுநரே வெளிப்படையாகச் சொன்னார். 2023இல் சரசோட்டா பகுதியின் செனட்டர் ஜோ க்ரூட்டர்ஸ், அதிபர் வேட்பாளர் போட்டியில் டிசான்டிஸை விட்டு டிரம்பை ஆதரித்தார். அவர் பொறுப்பேற்றுக் கொண்டுவந்த திட்டங்கள் பல அந்த ஆண்டில் அடிபட்டன. இது பழிவாங்கல் என்று அவரே குற்றம் சாட்டினார். இத்தனைக்கும் இருவரும் ஒரே கட்சிக்காரர்கள்.

செனட்டருக்கும் ஆளுநருக்கும் உள்ள பிணக்கில் அந்தப் பகுதிக் குடும்பங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் நட்டம் அவர்களுக்குத்தான்.

தண்ணீர் காத்திருக்காது

2023 ஏப்ரல் 12 அன்று ப்ரோவர்டு கவுண்டியின் ஃபோர்ட் லாடர்டேல் நகரில் ஒரே நாளில் ஏறத்தாழ 26 அங்குல மழை பெய்தது. அதாவது 66 சென்டிமீட்டர். விமான நிலையம் மூடப்பட்டது. எட்ஜ்வுட் போன்ற தாழ்வான குடியிருப்புகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து மக்கள் உடைமைகளை இழந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழையைக் கண்ட நமக்கு, வடிகால் இல்லாத தெருவில் ஓர் இரவு எப்படிக் கழியும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இதற்கு மாற்று வழியும் ஃபுளோரிடாவிலேயே இருக்கிறது. 2021இல் தொடங்கிய 'ரெசிலியன்ட் ஃபுளோரிடா' திட்டத்தில், வெள்ளத் தடுப்புப் பணிகளுக்குக் கவுண்டிகளும் நகராட்சிகளும் விண்ணப்பிக்கின்றன. ஆபத்து எவ்வளவு, பலன் எவ்வளவு என்று சுற்றுச்சூழல் துறை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறது. பொதுவாகச் செலவில் பாதியை உள்ளாட்சி ஏற்க வேண்டும். வருவாய் குறைந்த சின்ன ஊர்களுக்கு அதில் விலக்கு உண்டு. இதிலும் குறைகள் இருக்கலாம். ஆனால் தன் ஊர் ஏன் பின்தங்கியது என்பதை மதிப்பெண்ணைப் பார்த்து ஒரு குடிமகன் கேட்க முடியும். பேனா அடித்த கோட்டைப் பார்த்து அப்படிக் கேட்க முடியாது.

இந்த வேறுபாடு வரும் காலத்தில் இன்னும் முக்கியமாகும். சொந்தக் குடியிருப்பு வீடுகளுக்குச் சொத்து வரியையே நீக்க வேண்டும் என்ற பிரசாரத்தை டிசான்டிஸ் 2025இல் கையில் எடுத்தார். அதற்கு அரசமைப்புத் திருத்தமும், வாக்கெடுப்பில் 60 சதவீத ஆதரவும் தேவை. வரி கட்டும் குடும்பத்துக்கு அது காதுக்கு இனிய செய்திதான். ஆனால் கவுண்டியின் பிரதான வருவாய் வற்றினால், வடிகாலும் தீயணைப்பு வண்டியும் டல்லஹாசியின் தயவை எதிர்பார்க்கும். இன்று பட்டியலோடு ஒரு முறை போகும் ஆணையர்கள் நாளை அன்றாடச் செலவுக்கும் போக வேண்டிவரும்.

மாநிலத்தின் கருவூலம் தனிமனிதரின் சொத்தல்ல. மக்கள் ஒப்படைத்த அமானிதம். அதிலிருந்து ஓர் ஊருக்குக் குழாய் வருவதற்கு அளவுகோல் தேவையாக இருக்க வேண்டும். ஃபுளோரிடாவில் வசிக்கும் நம்மவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ளலாம். கூட்டத்தொடருக்கு முன்பு ஒவ்வொரு கவுண்டியிலும் சட்டமன்ற உறுப்பினர்கள் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் நடக்கும். அதில் யாரும் எழுந்து பேசலாம். தன் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதைப் படத்தோடு அங்கே பதிவு செய்வது, மழை பெய்த பிறகு புலம்புவதைவிடப் பயன் தரும்.