சின்ன நாய்க்குச் சின்னக் கவனம் போதுமா?

தேனி மாவட்டத்தில் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் கோம்பை. அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு நாய் இனம் உண்டு என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போன நாய். தோட்டத்தில் அவிழ்த்துவிட்டால் போதும், வெயிலோ மழையோ தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டில் மீந்த சோறுதான் அதற்குச் சாப்பாடு.

இப்போது அதே கம்பம் பள்ளத்தாக்கில் தேனி, சின்னமனூர், கம்பம் என்று எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும், கேட்டுக்குப் பின்னாலிருந்து கீச்சுக் குரலில் குரைப்பது வேறு நாய். வெள்ளையாய்ப் புசுபுசுவென்று பொமரேனியன், அல்லது மூக்கு சப்பையான பக். 1994இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தின் வெள்ளை நாயும், 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே ஓடிய பக்கும் இந்த ஆசையை வளர்த்ததில் பெரும் பங்கு உண்டு. (பொமரேனியன் என்று இங்கே விற்கப்படுவதில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். அது வேறு கதை!)

நாய் மாறிவிட்டது. வளர்க்கிற முறை மட்டும் மாறவில்லை. "சின்ன நாய்தானே, அதுக்கென்ன பெரிய கவனிப்பு?" என்பதுதான் பல வீடுகளில் கேட்கிற பேச்சு. இங்கேதான் சிக்கல்! உண்மை இதற்கு நேர் எதிர். உடம்பு சின்னதாக இருந்தால் அதில் இருக்கிற கையிருப்பும் சின்னது. கை முதல் குறைவாக உள்ள கடைக்காரர் ஒரு வாரம் வியாபாரம் படுத்தாலே தடுமாறுவார் இல்லையா? சின்னக் குட்டியின் நிலைமையும் அதுதான்.

உதாரணத்துக்குச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். பெரிய நாய் ஒரு வேளை பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு மாதச் சிறிய இனக் குட்டி அப்படி இல்லை. சில மணி நேரம் வயிறு காய்ந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். சோர்ந்து படுக்கும், தள்ளாடும், நடுங்கும், வலிப்புகூட வரலாம். அதனால்தான் ஒரு நாளைக்கு நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். குட்டி துவண்டுவிட்டால் ஈறில் கொஞ்சம் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவிவிட்டு, உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். "புது இடம், அதான் டல்லா இருக்கு" என்று விடியும்வரை காத்திருந்தால் குட்டி மிஞ்சாது.

அடுத்தது வயது. 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆனால் வாங்குகிறவர்களுக்கோ குட்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு அழகு! கண் திறந்து சில நாட்களே ஆன குட்டியைக்கூடக் கேட்டு வாங்குகிறார்கள். தாய்ப்பாலையும் கூடப்பிறந்த குட்டிகளையும் விட்டுப் பிரிந்து வருகிற அந்தக் குட்டிக்கு உடம்பிலும் பலம் இல்லை, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்கிற பழக்கமும் இல்லை. கேட்கிற ஆள் இருக்கும்வரை விற்கிற ஆளும் இருப்பார். ஆகவே இதில் விற்கிறவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இனி, எல்லாவற்றையும்விட வேதனையான விஷயம். குட்டி வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். திடீரென்று சாப்பிடாது. வாந்தி, பிறகு நாற்றத்தோடு ரத்தபேதி. இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். பிள்ளைகள் அழுவார்கள். பெரியவர்கள் "நம்ம வீட்டுக்கு நாய் ராசி இல்லப்பா" என்பார்கள். சில மாதம் கழித்து மனசு கேட்காமல் இன்னொரு குட்டி வாங்குவார்கள். அதுவும் அதே மாதிரி போகும். ராசி இல்லை என்பது அந்த வீட்டில் உறுதியாகிவிடும்!

அது ராசி அல்ல. பெரும்பாலும் பார்வோ என்கிற வைரஸ். 1978இல் உலகின் பல நாடுகளில் ஒரே சமயத்தில் பரவிய இந்த நோய், 1980களின் தொடக்கத்திலேயே சென்னையிலும் பதிவாகிவிட்டது. தொற்றிய சுமார் 3 முதல் 7 நாளில் நோய் வெளியே தெரியும் என்பதால், குட்டி வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரமே கண்டம். இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடம்வரைகூட உயிரோடு இருக்கும். செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். சாதாரண சோப்புத் தண்ணீருக்கு அது சாகாது. குளோரின் உள்ள பிளீச்சிங் கரைசலால்தான் தரையைக் கழுவ வேண்டும். இரண்டாவது குட்டி இறந்ததற்குக் காரணம் வீட்டு வாசலில் இருந்ததே தவிர, யாருடைய ஜாதகத்திலும் இல்லை.

இதற்குத் தடுப்பூசி உண்டு. "ஒரு ஊசி போட்டாச்சு, போதும்" என்று நிறுத்திவிடுவதுதான் அடுத்த தவறு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை, போடுகிற ஊசி சரியாக வேலை செய்யாது. அந்தச் சக்தி ஒரு குட்டிக்கு 6 வாரத்தில் குறையும், இன்னொன்றுக்கு 14 வாரம்கூட ஆகலாம். அதனால்தான் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அதுவரை தெருவில் நடக்க விடாமல், தூக்கிக்கொண்டுபோய் ஊரைக் காட்டுவதே நல்லது. இடையில் குடற்புழு நீக்க மருந்தும், 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசியும் கட்டாயம். குட்டிதானே என்று அதன் பல்லையும் நகத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது. பிள்ளைகளைக் கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. திராட்சை! சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் வருடம் முழுக்கப் பழம் கிடைக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மனிதனுக்கு நல்ல பழம். ஆனால் நாய்க்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடக்கூடியது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று 2021 முதல் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதே அமிலம் புளியிலும் நிறைய உண்டு. வெங்காயமோ நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அப்படியானால் வெங்காய சாம்பாரும் ரசமும் ஊற்றிப் பிசைந்த சோறு குட்டிக்கு ஏற்றதா? யோசிக்க வேண்டும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்பதும் எடையைப் பொறுத்தது. 20 கிலோ நாய் தாங்குகிற அளவை 2 கிலோ குட்டி தாங்காது.

வெயிலும் அப்படித்தான். நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சப்பை மூக்குள்ள பக்கால் அதைச் சரியாகச் செய்ய முடியாது. 2024இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று 11 வெளிநாட்டு இனங்களைப் பட்டியலிட்டது. அதில் பக்கும் ஒன்று. ஏப்ரல், மே மாதத்தில் மொட்டை மாடியில் கட்டிப்போட்டுவிட்டு வேலைக்குப் போவது அந்த நாய்க்கு மரண தண்டனை.

"அப்படியானால் வசதி உள்ளவர்கள்தான் நாய் வளர்க்க வேண்டுமா?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். வசதியைவிடக் கணக்கு முக்கியம். குட்டியின் விலைக்குப் பேரம் பேசி வாங்கிவிட்டு, ஊசிக்குக் காசில்லை என்று கைவிரிப்பதில் என்ன லாபம்? விலை ஒரே முறை போகிற செலவு. சாப்பாடும் ஊசியும் பத்துப் பன்னிரண்டு வருடம் தொடர்கிற செலவு. முதல் நான்கு மாத ஊசிக்கான பணத்தைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தில் என்ன குட்டி வாங்க முடியும் என்று பார்ப்பதுதான் சரியான வரிசை. மிச்சம் இல்லையா? தெருவில் பிறந்த நாட்டுக் குட்டி ஒன்றை விலையில்லாமலே எடுத்து, அந்தப் பணத்தில் ஊசி போடலாம். இந்த வெயிலுக்கும் அது பழகின உடம்பு. ஊசி போட அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. 2020இல் தேனிக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

அழகுக்காக வாங்கினாலும் அது பொம்மை இல்லை, உயிர். அடுத்த முறை எந்த வீட்டிலாவது "நாய் ராசி இல்லை" என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "எத்தனை ஊசி போட்டீங்க?"