கோல் போடும் பையனுக்குக் கல்லூரியில் இடம்!

பிளஸ்-2 பரீட்சை முடிவு வந்ததும் என்ன நடக்கிறது? மார்க் வாங்கிய பிள்ளைகள் கல்லூரியைத் தேடிப் போகிறார்கள். கோல் போடும் பிள்ளைகளைத் தேடிக் கல்லூரியே வருகிறது!

கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குனர்கள் மைதானம் மைதானமாகச் சுற்றுகிறார்கள். எந்தப் பையன் பந்தோடு வேகமாக ஓடுகிறான், எவன் கோல் வாசலில் அசையாமல் நிற்கிறான் என்று பார்க்கிறார்கள். பிடித்துவிட்டால் பேச்சு தொடங்கிவிடுகிறது.

"எங்கள் கல்லூரிக்கு வா தம்பி! சம்பளம் கட்ட வேண்டாம். தங்க இடம் உண்டு. சாப்பாடும் உண்டு."

இதற்கு "விளையாட்டு ஒதுக்கீடு" என்று பெயர். நல்ல ஏற்பாடுதான். கையில் காசு இல்லாத வீட்டுப் பிள்ளை, காலின் பலத்தால் பட்டதாரி ஆகிறான் என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது?

ஆனால், அந்தச் சந்தோஷத்தில் பெற்றோர்கள் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒரே ரெயில் பாதை

ஆவடியை அடுத்து இருக்கிறது முத்தாபுதுப்பேட்டை. விமானப்படை நிலையம் உள்ள ஊர். அங்கு ஒரு வீட்டில் பையன் நன்றாகப் பந்து ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு ஆசை வருவதற்குக் காரணம் வேண்டியதில்லை. ஆவடியில் மின்சார ரெயில் ஏறினால் போதும்!

சென்டிரலுக்குப் போகிற வழியில் பெரம்பூர் வருகிறது. அங்குள்ள ஐ.சி.எப். ரெயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ம் ஆண்டு தொடங்கியது. அதற்கென்று கால்பந்து கோஷ்டி உண்டு. பந்து உதைத்தே ரெயில்வேயில் வேலை வாங்கியவர்கள் சென்னையில் ஏராளம்.

பெரம்பூரைத் தாண்டினால் வியாசர்பாடி ஜீவா நிலையம். வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்தவர்தான் நந்தகுமார் சேகர். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கல்கத்தாவில் டூரண்ட் கோப்பை பந்தயம். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. இந்த இரண்டும் மோதினால் அந்த ஊரே இரண்டாகப் பிரிந்துவிடும். அன்று ஒரே ஒரு கோல்தான் விழுந்தது. அதை ஈஸ்ட் பெங்காலுக்காகப் போட்டவர் நம் வியாசர்பாடி நந்தகுமார்! வரிசையாக 8 தடவை மோகன் பகானிடம் தோற்றிருந்த கோஷ்டி, அந்தக் கோலால் தலை நிமிர்ந்தது.

இதைக் கேட்ட பையனுக்குத் தூக்கம் வருமா?

அமெரிக்காவில் பார்!

கல்லூரிக்கு ஆள் பிடிப்பதில் உலகத்திலேயே பெரிய கூத்து அமெரிக்காவில்தான். அங்கே "புட்பால்" என்பது வேறு ஆட்டம். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பள்ளிக்கூடப் பையன்களுக்கு ஓட்டல்களுக்குப் போடுவதுபோல நட்சத்திரம் போடுகிறார்கள்! 5 நட்சத்திரப் பையன் எந்தக் கல்லூரியில் சேரப் போகிறான் என்று ரசிகர்கள் மாதக் கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள்.

2025-ம் ஆண்டு ஜூலை முதல் கல்லூரிகளே விளையாட்டு வீரர்களுக்கு நேராகப் பணம் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு, ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். நம் கணக்கில் 170 கோடி ரூபாய்க்கு மேல்!

இவ்வளவு செய்தும் வெற்றி நிச்சயமா? இல்லை. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கோஷ்டி 2023-ம் ஆண்டு தொடர்ந்து 13 ஆட்டங்களில் ஜெயித்தது. அதனால் 2024-ம் ஆண்டு ஆட்டம் தொடங்கும் முன்பே, நாட்டிலேயே 10-வது சிறந்த கோஷ்டி என்று பட்டம் கட்டினார்கள். ரசிகர்கள் குதித்தார்கள். கடைசியில் நடந்தது என்ன? 12 ஆட்டங்களில் 2-ல்தான் வெற்றி!

நம் ஊர் கதை

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். நம் ஊரிலும் இதே கதை உண்டு. 2018-ம் ஆண்டு மார்ச் மாதம் சென்னையின் எப்.சி. கோஷ்டி, பெங்களூர் கோஷ்டியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்ற கோல் கணக்கில் தோற்கடித்து ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கியது. அடுத்த தடவையும் கோப்பை நமக்கே என்று ரசிகர்கள் நினைத்ததில் தவறு இல்லை. ஆனால் அடுத்த தடவை 18 ஆட்டங்களில் 2 வெற்றி. பட்டியலில் கடைசி இடம்!

அதே நேரத்தில் கோயம்புத்தூரில் சென்னை சிட்டி என்ற இன்னொரு கோஷ்டி ஐ-லீக் பந்தயத்தில் ஆடிக்கொண்டு இருந்தது. அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. தமிழ்நாட்டுப் பையன்கள் பலர் அதில் இருந்தார்கள். 2019-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி அந்தக் கோஷ்டி சாம்பியன் ஆகிவிட்டது!

ரசிகனுக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. தோற்றால் இரண்டு நாள் வருத்தம். அப்புறம் "அடுத்த வருஷம் பார்" என்பான். ஆசைப்படுவதற்குக் காசா, பணமா? படட்டும்.

பையனின் வீட்டுக்கு அப்படி அல்ல. அவன் கொடுப்பது மூன்று வருஷம். அடிபட்டால் ஒரு முழங்கால்.

கேட்க வேண்டியது

முழங்கால் தசைநார் அறுந்தால், ஆபரேஷன் செய்து மறுபடியும் ஆட வருவதற்குப் பொதுவாக 9 மாதமாவது ஆகும். முன்போல ஓட முடியாமலும் போகலாம். அப்போது என்ன ஆகும்? ஆடாத பையனுக்குக் கல்லூரி சம்பளச் சலுகை தொடருமா? விடுதியில் இடம் இருக்குமா? ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? சேரும் நாளிலேயே இதைக் கேட்க வேண்டும். "எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்" என்பது பதில் ஆகாது. "எழுதிக் கொடுங்கள் அய்யா" என்று தாயாரோ தகப்பனாரோ கேட்டால், அது மரியாதைக் குறைவு அல்ல. பயிற்சியாளர் நல்லவராகவே இருக்கலாம். அடுத்த வருஷம் அவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால்?

இன்னொன்று வருகைப் பதிவு. பரீட்சை எழுத 75 சதவீத நாட்கள் வகுப்பில் இருக்க வேண்டும் என்பது கல்லூரிகளில் வழக்கம். காலையில் பயிற்சி, மாலையில் ஆட்டம், நடுவில் வெளியூர்ப் பந்தயம் என்று அலைகிற பையன் வகுப்புக்கு எப்போது போவான்? பந்தயத்துக்குப் போன நாட்களை வருகையாக எழுதுவார்களா? விட்டுப்போன பரீட்சையை மறுபடி நடத்துவார்களா? கோப்பையைக் கல்லூரி அலமாரியில் வைத்துவிட்டு, பையனை "அரியர்ஸ்" மூட்டையோடு வீட்டுக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

சர்டிபிகேட் விஷயத்திலும் கவனம் தேவை. தேர்வு ஆட்டத்துக்குப் போகும்போது மார்க் சர்டிபிகேட், மாவட்ட, மாநிலப் பந்தய சர்டிபிகேட் எல்லாவற்றையும் கொண்டு போகலாம். அசலைக் காட்டிவிட்டு நகலைக் கொடுத்தால் போதும். "அசல் எங்களிடமே இருக்கட்டும்" என்று யாராவது சொன்னால், சம்மதிக்க வேண்டியது இல்லை. மாணவர்களின் அசல் சர்டிபிகேட்டுகளைக் கல்லூரிகள் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக்குழு 2018-ம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.