மாட்டுக்குப் போட்ட ஊசி

வெண்முதுகுப் பாறு, செத்த மாட்டின் மேல் இறங்கித் தின்பதைப் பார்த்தால் யாருக்கும் முகம் சுளிக்கும். மொட்டைத் தலை, நீண்ட கழுத்து. பிணத்தின் வயிற்றுக்குள் தலையை நுழைத்துத் தின்கிற பறவைக்குத் தலையில் இறகு இருந்தால் இரத்தமும் நிணமும் ஒட்டி நாறும், மொட்டையே சௌகரியம். எழும்பிப் பறக்கும்போதுதான் முதுகின் கீழே அந்த வெள்ளை தெரியும். கூட்டமாக உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் எலும்புதான் மிச்சம். அடைப்பான் கண்டு செத்த மாட்டையும் செரித்துவிடும் இரைப்பை அதற்கு. நகராட்சி சம்பளம் கொடுத்துச் செய்யவேண்டிய வேலை!

ஒரு காலத்தில் டெல்லி வானத்தில் கூட்டம் கூட்டமாகச் சுற்றிய பறவை இது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் மிஞ்சியது. யாரும் சுடவில்லை, கண்ணி வைக்கவில்லை. மாட்டின் வலிக்கும் காய்ச்சலுக்கும் போட்ட டைக்ளோபினாக் ஊசிதான் எமன். பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் 2004இல் அதைக் கண்டுபிடித்தார்கள். சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு அடித்தாற்போல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. பாறு தின்னும் நூறு மாட்டுப் பிணங்களில் ஒன்றில் இந்த மருந்து இருந்தாலே போதும், இனம் சரிந்துவிடும். ஆண்டுக்கு ஒரே முட்டை இடுகிற பறவை எப்படி ஈடுகட்டும்?

2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். ஆனால் மனிதர்களுக்கான அதே மருந்தின் பெரிய குப்பி தொழுவத்துக்குப் போனது. 2015இல் குப்பியை 3 மில்லிக்குச் சுருக்கினார்கள். அடுத்து அசிக்ளோபினாக் என்ற வலி மருந்து வந்தது. மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோபினாக்காகவே மாறும்! அதையும், பாறுக்கு ஆகாத இன்னொரு வலி மருந்தான கீட்டோபுரோபேனையும் தடை செய்ய 2023 ஆயிற்று. பாறு செத்த பிறகு தடை போடுவது என்ன நியாயம்? கால்நடை வலி மருந்து எதுவானாலும், பாறுக்கு ஆகுமா என்று சோதித்த பிறகே சந்தைக்கு விடவேண்டும்.

தமிழ்நாட்டில் இவை கூடு கட்டுவது முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றோர நீர்மத்தி மரங்களில். ஆனால் இரை தேடிக் காட்டுக்கு வெளியேயும் வெகுதூரம் பறக்கும். காட்டைக் காத்தால் மட்டும் போதாது.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாடு வலியில் படுத்தால் மருத்துவரிடம் மெலோக்சிகாம் போடச் சொல்லிக் கேளுங்கள்; பாறுக்குக் கெடுதல் செய்யாது என்று சோதித்து அறிந்த மருந்து அது. வேறு வலி ஊசி போட்டும் மாடு பிழைக்கவில்லையென்றால், வெளியில் எறியாமல் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.